சர்க்கரை குறைந்தாலும் நாக்குக் குழறும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரவு வாகனச் சோதனையில் குடித்துவிட்டு ஓட்டுகிறவர்களைப் போலீஸார் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று போன ஞாயிறு ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். கண் சிவந்திருப்பதையும், பேச்சுக் குழறுவதையும், கால் தள்ளாடுவதையும் பார்த்தாலே அனுபவமுள்ள காவலருக்குத் தெரிந்துவிடும், ஊதும் மெஷின் பெயருக்குத்தான் என்று அதில் ஒரு வரி. அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நான் பாலக்கோட்டிலிருந்து தக்காளி ஏற்றும் டெம்போ டிரைவர். 30 வருடமாக ஸ்டியரிங் பிடிக்கிறேன். என் அண்ணன் குடித்தே போனவர். அதனால் நான் ஒரு சொட்டும் தொட்டதில்லை. எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. போன ஆவணியில் ஒருநாள், அதற்கான கிளிமிபிரைடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு மண்டியில் லோடுக்குக் காத்திருந்ததில் ராத்திரிச் சாப்பாடு தவறிவிட்டது. காரிமங்கலம் தாண்டி கிருஷ்ணகிரி ரோட்டில் வரும்போது கை நடுங்கியது, சட்டை நனைகிற அளவுக்கு வியர்த்தது. வண்டி கொஞ்சம் கோடு மாறியிருக்கும். டார்ச் அடித்து நிறுத்தினார்கள்.

நிறுத்தியது சரி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த நிலையில் நான் ஓட்டியிருக்கக் கூடாது. அவர்கள் நிறுத்தாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. ஆனால் அப்புறம் நடந்தது? பெயர் கேட்டார்கள், வாய் குழறியது. இறங்கச் சொன்னார்கள், கால் நிற்கவில்லை. “எவ்வளவுடா போட்டே?” என்றார், என் மகன் வயதுள்ள ஒருவர். மெஷின் வேறு இடத்தில் இருந்ததாம். வந்து சேர முக்கால் மணி நேரம். ஊதினேன், சைபர் காட்டியது. சரி, விட்டுவிடுவார்கள் என்று பார்த்தால், அப்படியானால் கஞ்சாவாக இருக்கும் என்றார்கள். கூட வந்த தம்பி மகன் பெட்டிக்கடைக்கு ஓடி ஒரு கோலி சோடாவும் கடலை மிட்டாயும் வாங்கி வந்து ஊட்டினான். கால் மணி நேரத்தில் தெளிந்தேன். அதற்குள் மண்டியிலிருந்து வந்த நாலு வண்டிக்காரர்கள் என்னைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். ஊருக்கு நான் திரும்பும் முன்பே செய்தி வந்துவிட்டது. என் மனைவி அன்று அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்.

நர்சிங் படிக்கும் என் மகள் சொல்கிறாள்: ரத்தத்தில் சர்க்கரை 70க்குக் கீழே போனால் வியர்வை, நடுக்கம், குழறல், குழப்பம் எல்லாம் வரும், பார்க்கிறவருக்குக் குடிபோதை போலவே இருக்கும் என்று. பக்கவாதம் தொடங்கும்போதும் வாய் குழறும். அந்த நேரத்தில் ஒருவரைக் குடிகாரன் என்று ரோட்டோரம் உட்கார வைத்தால் உயிரே போய்விடும். கட்டுரையில் அமெரிக்கப் போலீஸைப் புகழ்ந்திருந்தீர்கள். பேனாவைக் கண்முன் அசைத்து விழி துடிக்கிறதா என்று பார்ப்பது, கோட்டில் 9 எட்டு நடந்து திரும்பச் சொல்வது, ஒற்றைக் காலில் நிறுத்துவது. அங்கேயே 65 வயதைத் தாண்டியவர்களும், முதுகு, கால், உள்காதுக் கோளாறு உள்ளவர்களும் ஒற்றைக் காலில் நிற்கச் சிரமப்படலாம் என்று போலீஸ் பயிற்சி நூலில் எழுதி வைத்திருக்கிறார்களாம். அதை ஏன் விட்டீர்கள்?

நம் சட்டமும் கண்ணால் பார்த்தால் போதும் என்று சொல்லவில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 185ஆம் பிரிவில் 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம் ஆல்கஹால் என்று அளவே இருக்கிறது. அதைத் தாண்டினால்தான் மதுவுக்காக அந்தப் பிரிவில் குற்றம். காவலருக்கு வரும் சந்தேகம் ஊதச் சொல்வதற்குப் போதும், தீர்ப்புச் சொல்வதற்குப் போதாது. முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதமோ 6 மாதம் வரை ஜெயிலோ, இரண்டுமோ உள்ள குற்றம் இது. புளிக்க வைத்துச் செய்வதால் கொஞ்சம் ஆல்கஹால் இருக்கும் தசமூலாரிஷ்டம் என்ற ஆயுர்வேத மருந்தைக் குடித்தவுடன் ஊதினாலும் மெஷின் காட்டும் என்கிறார்கள். கால் மணி நேரம் பொறுத்து மறுபடி ஊதச் சொன்னால் வாயில் தங்கியது போய்விடும். இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா?

இந்த ஒரு வரி மட்டுமில்லை ஐயா. தொப்பூர் கணவாயில் லாரி மோதினால் மறுநாளே டிரைவர் போதையா என்று தலைப்பு வருகிறது. அந்த இறக்கத்தில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போவதும், டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடச் சொல்லும் முதலாளிகளும் கடைசிப் பாராவில் கூட வருவதில்லை. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னதே, தமிழ்நாட்டிலிருந்து போன வழக்கில்தானே? அடுத்த வருடமே நகராட்சி எல்லைக்குள் விலக்குக் கொடுத்துவிட்டார்கள். அதைப் பற்றி உங்களுக்கு நான் எழுதிய கடிதத்தை நீங்கள் பத்திரிகையில் போடவில்லை. என் டெம்போவை நிறுத்திய அதே இடத்தில், கண்ணாடி ஏற்றிய கார்கள் ஒன்றுகூட நிற்காமல் போனதையும் நான் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

நான் கேட்பது சின்ன விஷயம். அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். பக்கத்திலேயே ஒரு சின்னக் கட்டத்தில், சர்க்கரை குறைந்தால் என்னென்ன அறிகுறி வரும், மெஷினில் சைபர் வந்தால் அடுத்து சர்க்கரை இருக்கிறதா, சாப்பிட்டாயா என்று கேட்க வேண்டும், சுயநினைவு இருந்தால் இனிப்புக் கொடுத்து, தேறாவிட்டால் 108க்குப் போன் செய்ய வேண்டும் என்று நாலு வரி. சோதனைச் சாவடிகளிலும் உங்கள் பத்திரிகையைத்தான் படிக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு டெம்போ டிரைவர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.