ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ராக்கெட்டின் சிறிய மாதிரியை வாங்கப் போகும் பெற்றோர், பெட்டியில் 1:100 அல்லது 1:144 என்று அளவு விகிதம் அச்சாகி இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அது இல்லாவிட்டால் கையில் இருப்பது வெறும் பொம்மை. வெளிநாட்டு பிளாஸ்டிக் கிட்டுகளில் விகிதம் இருக்கும். ஆனால் இறக்குமதிச் செலவும் சேர்ந்தால் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டுப்படியாகாது. இஸ்ரோவின் கனரக ராக்கெட்டான நம் எல்விஎம்-3 அவற்றில் கிடைப்பதும் அரிது.

வீட்டிலேயே மாதிரி செய்யும் பிள்ளைகளுக்கு 1:100 தான் ஏற்றது. ஒரு மீட்டர் ஒரு சென்டிமீட்டர் ஆகிவிடுவதால் ஸ்கேலை வைத்தாலே நிஜ அளவு தெரிந்துவிடும். 43.5 மீட்டர் உயரமுள்ள எல்விஎம்-3 மேசையில் 43.5 செ.மீ. நிற்கும், நிலவுக்கு மனிதரை அனுப்பிய சாட்டர்ன்-5 ராக்கெட்டைச் செய்தால் 110 செ.மீ.க்கு மேல் போகும்.

இதில் பெரிய வசதி ஒன்று உண்டு. எல்விஎம்-3இன் நடுப்பகுதி 4 மீட்டர் விட்டம், இருபுறமும் ஒட்டியிருக்கும் எஸ்-200 பூஸ்டர்கள் இரண்டும் 3.2 மீட்டர், உச்சியில் உள்ள வெப்பக் கவசம் 5 மீட்டர். 1:100இல் இவை 40, 32, 50 மி.மீ. மூன்றும் ஹார்டுவேர் கடை பிவிசி பைப்பின் வெளிவிட்டங்களே! வெட்டி மிஞ்சிய துண்டுகள் போதும். மி.மீ. கணக்கில் கேட்டு வாங்குங்கள். 'ஒரு இஞ்ச்' என்றால் 33.4 மி.மீ. பைப்பைத் தருவார்கள், அல்லது 28.6 மி.மீ. சிபிவிசியை (சுடுநீர்க் குழாய்) தருவார்கள். அந்த சிபிவிசியும் வீணாகாது, பிஎஸ்எல்வி ராக்கெட்டின் 2.8 மீட்டர் விட்டமுள்ள முதல் நிலைக்கு (அடிப்பகுதிக்கு) அது கிட்டத்தட்டச் சரி.

உச்சிக் கூம்பையும் சேர்த்துத்தான் எல்விஎம்-3 மாதிரி 43.5 செ.மீ. இதை மறந்து பைப்பையே அந்த நீளத்துக்கு அறுத்துவிடுவது வழக்கமான தவறு. அறுக்கும் இடத்தில் ஒரு காகிதப் பட்டையைச் சுற்றி, விளிம்போடு விளிம்பு பொருத்திக் கோடு போட்டால் வெட்டு கோணலாகாது. 50 மி.மீ. பைப்புக்குள் 40 மி.மீ. பைப் சுற்றிலும் சுமார் 3 மி.மீ. ஆடும், பழைய நாளிதழை 2 செ.மீ. பட்டையாகக் கிழித்து இறுகச் சுற்றினால் அசையாது. பூஸ்டர்களின் மூக்கு நடுப்பகுதியை நோக்கிச் சாய்ந்திருக்கும். 2014 சோதனைப் பயணத்துக்குப் பிறகு வந்த மாற்றம் இது. தெர்மாகோலில் கூம்பு செதுக்கினால் ஃபெவிகால் மட்டும் பயன்படுத்துங்கள். ஃபெவிக்விக் பட்டால் தெர்மாகோல் கரைந்து குழியாகும். பிள்ளைகளின் விரலும் ஒட்டிக்கொள்ளும்.

வெளித்தோலுக்கு அச்சிட்ட தாள். நடுப்பகுதிக்குச் சுற்றளவு 125.7 மி.மீ., ஒட்டுவதற்கு 5 மி.மீ. கூடுதல். பிவிசி ஈரம் உறிஞ்சாது. ஃபெவிகால் காயாமல் தாள் நழுவும். அதனால் இருபக்க டேப்பே நல்லது.

நாசாவின் இணையதளத்தில் விண்கலங்களின் காகித மாதிரிகள் இலவசம். அமெரிக்கத் தாள் 216 மி.மீ. அகலம், நம் ஏ4 210 மி.மீ. பிரிண்டரில் 'ஃபிட் டு பேஜ்' இருந்தால் படம் 97 சதவீதமாகச் சுருங்கும். ஒரு தாள் சுருங்கி மற்றொரு தாள் சுருங்காவிட்டால் எந்த மடிப்பும் ஒட்டாது. 'ஆக்சுவல் சைஸ்' வைத்து, 160 முதல் 200 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைக் குறிக்கும் அளவு) தாளில் அச்சிடுங்கள். மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் மடிப்புக் கோட்டை அழுத்திக் கீறிவிட்டு மடித்தால் ஓரம் கூர்மையாக வரும்.

நிலவில் இறங்கிய சந்திரயான்-3இன் விக்ரம் லேண்டருக்கு 1:20 நல்லது. 2 மீட்டர் பக்கம் 10 செ.மீ., அதனுள் சென்ற பிரக்யான் ஊர்தி 4.6 செ.மீ. நீளம். நான்கு கால்களுக்கு ஈர்க்குச்சி போதும். பொன்னிறத் தாளை ஒருமுறை கசக்கி, விரித்து ஒட்டினால் லேண்டரைச் சுற்றியுள்ள நிஜ வெப்பக் காப்புப் போர்வையின் சுருக்கம் அப்படியே வரும். அடியில் இன்ஜின்கள் நான்கு. ஐந்து வரைந்திருந்தால் அது சந்திரயான்-2 லேண்டரின் படம்.

தங்கள் சிறுவர் இணைப்பில் மாதம் ஒரு பக்கம், இத்தகைய வெட்டி ஒட்டும் படம் ஒன்றைத் தமிழ்க் குறிப்புகளோடு வெளியிட வேண்டுகிறோம். செய்தித்தாள் மெலிது என்ற கவலை வேண்டாம். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் குளூ ஸ்டிக்கால் ஒட்டிவிட்டு வெட்டலாம். விகிதத்தையும், அளவு மாறவில்லை என்று ஸ்கேலால் சரிபார்க்க ஓரத்தில் 5 செ.மீ. சோதனைக் கோட்டையும் மட்டும் தவறாமல் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
மாதிரி விண்கல ஆர்வலர்கள்,
திருநெல்வேலி