அந்த இருவரின் பெயரையும் சொல்லி அழையுங்கள்: ரொறன்ரோ புளூ ஜெய்ஸ் அணிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அணி நிர்வாகத்தினருக்கும், பயிற்றுநர் ஜோன் ஷ்னைடர் அவர்களுக்கும், வீரர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பேஸ்போல் உலகத் தொடரில் லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸ் அணிக்கு எதிராக 2025 நவம்பர் முதலாம் திகதி தொடங்கிய ஏழாவதும் கடைசியுமான ஆட்டம், வழக்கமான ஒன்பது சுற்றுகளையும் தாண்டிப் பதினோராவது இன்னிங்ஸில் (சுற்றில்) 5-4 என்ற கணக்கில் நம் கையை விட்டுப் போனபோது நள்ளிரவு தாண்டியிருந்தது. ஒன்ராறியோவில் கடிகாரங்களை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைக்கும் இரவும் அதுவே. ஸ்காபரோவில் எங்கள் வீட்டில் என் தந்தையாரும், நானும், பதினொரு வயது மகனும் கூடுதலாகக் கிடைத்த அந்த ஒரு மணித்தியாலத்தையும் சேர்த்து விழித்திருந்தோம். 1993 ஒக்ரோபரில் ஜோ கார்ட்டர் மதிலுக்கு அப்பால் அடித்து நமக்குக் கிண்ணத்தை வென்று தந்த ஹோம் ரன்னை, கனடாவுக்கு வந்து இரண்டே ஆண்டுகளான என் தந்தையார், தாம் கோப்பை கழுவிக்கொண்டிருந்த உணவகத்தின் சமையலறை வானொலியில்தான் கேட்டார். முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் இன்னொரு கிண்ணத்தைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று காத்திருந்த அவர், ஆட்டம் முடிந்ததும் எதுவும் பேசாமல் தொலைக்காட்சியின் ஒலியை மட்டும் குறைத்துவிட்டு, படத்தைப் பார்த்தபடியே அமர்ந்திருந்தார்.

என் மகன்தான் முதலில் வாய் திறந்தான். "அப்பா, அவர் ஏன் முன்னுக்கே கொஞ்சம் தள்ளி நிக்கேல்லை?" என்று கேட்டான். கடைசிக் கட்டத்தில் நமக்காக ஓட வந்த ஐசாயா கைனர்-ஃபலேஃபாவைப் பற்றிய கேள்வி அது. அன்றிரவு தொடங்கி இன்றுவரை இந்நகரின் பேருந்துகளிலும், வேலைத்தலங்களிலும், கடை வாசல்களிலும் அதே கேள்வியைப் பல குரல்களில் கேட்டுவிட்டேன். சிலர் அதைக் கேள்வியாகக் கூடக் கேட்பதில்லை, தீர்ப்பாகவே சொல்லிவிடுகிறார்கள். இம்மடலை எழுதத் தூண்டியது அதுதான்.

ஒன்பதாவது இன்னிங்ஸின் பிற்பகுதியில் ஆட்டம் 4-4 என்று சமநிலையில் இருந்தது. ஒருவர் மட்டுமே ஆட்டமிழந்திருந்தார். மூன்று தளங்களிலும் நம் ஆட்கள் நின்றார்கள். போ பிஷெட்டுக்குப் பதிலாக ஓட வந்த கைனர்-ஃபலேஃபா மூன்றாம் தளத்தில் நின்றார். டோல்டன் வார்ஷோ அடித்த பந்து தரையோடு போய் எதிரணியின் மிகெல் ரோஹாஸிடம் சிக்க, அவர் நிலைதடுமாறிய நிலையிலும், ஓட்டக்காரர் வந்து சேர வேண்டிய கடைசித் தளமான ஹோம் பிளேட்டுக்கு எறிந்தார். அங்கே பந்தைப் பிடித்த வில் ஸ்மித்தின் கால் தட்டில் பட்ட கணத்துக்கும் நம்மவரின் பாதம் வந்து சேர்ந்த கணத்துக்கும் இடையில் இருந்த இடைவெளி, படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால்தான் தெரியக்கூடிய அளவு. ஓரடி முன்னே நின்றிருந்தால் கிண்ணம் நமது என்கிறார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம்.

ஆனால் முந்திய இரவு அதே மைதானத்தில் நடந்ததையும் சேர்த்து நினைத்துப் பார்க்க வேண்டும். ஆறாவது ஆட்டத்தின் கடைசி இன்னிங்ஸில் அடிசன் பார்ஜர் அடித்த பந்து மதிலின் அடியில் செருகி நின்றுவிட, ஓட்டமாகியிருக்க வேண்டியது ஓட்டமாகாமல் போயிற்று. சற்று நேரத்தில் ஹிமெனெஸ் அடித்த பந்தை எதிரணியின் கிக்கே ஹெர்னாண்டஸ் ஓடிவந்து பிடித்து, இரண்டாம் தளத்தை விட்டுத் தள்ளிப்போயிருந்த பார்ஜர் திரும்பி வருவதற்குள் அங்கே எறிந்தார். ஒரே பந்தில் இருவர் ஆட்டமிழக்க, ஆட்டமும் முடிந்தது. தளத்தை விட்டு அதிகம் விலகியதால் ஓர் இரவை இழந்த அணி, மறுநாள் மூன்றாம் தளத்தில் நிற்பவரிடம் தளத்தை ஒட்டியே நில் என்று சொன்னதில் என்ன வியப்பு? அவர் நின்ற இடம் அவராகத் தேர்ந்தெடுத்த இடமன்று. அவரும் பின்னர் அதையே சொன்னார். பயிற்றுநரும் அவரைக் கைவிடவில்லை. அந்த நேர்மைக்காக உங்களுக்கு நன்றி.

இதையெல்லாம் மகனுக்கு வாயால் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. தேநீர்க் கோப்பைகள் நான்கைச் சாப்பாட்டு மேசையில் தளங்களாக வைத்து, ஒரு கச்சான் கொட்டையை ஓட்டக்காரராக நகர்த்திக் காட்டினேன். அவன் கொட்டையை முன்னே தள்ளிப் பார்த்தான், பின்னே இழுத்துப் பார்த்தான். பந்து தரையோடு வந்தால் முன்னே நிற்பது சரி, நேராகக் கையில் போனால் பின்னே நிற்பது சரி என்பதை அவனாகவே கண்டுகொண்டான். பந்து எப்படி வரும் என்று முன்கூட்டியே யாருக்குத் தெரியும் என்று அப்போதுதான் என் தந்தையார் முதன்முறையாகப் பேசினார்.

இன்னொருவர் நம் பந்துவீச்சாளர் ஜெஃப் ஹொஃப்மன். அதே ஏழாவது ஆட்டத்தில், வெற்றிக்கு இன்னும் இருவரை ஆட்டமிழக்கச் செய்தால் போதும் என்றிருந்தபோது, அடுத்த பந்தே முடிவு சொல்லக்கூடிய மூன்று போல், இரண்டு ஸ்ட்ரைக் என்ற நிலையில் அவர் எறிந்த ஸ்லைடர் பந்தை, ஹோம் ரன்னுக்குப் பெயர்பெறாத ரோஹாஸ் இடதுபுற மதிலுக்கு அப்பால் அடித்து ஆட்டத்தைச் சமப்படுத்திவிட்டார். ஆட்டம் முடிந்தபின் உடைமாற்றும் அறையில் ஹொஃப்மன் ஒளிந்துகொள்ளாமல் ஒலிவாங்கிகளுக்கு முன்னால் நின்று, முழுப் பழியையும் தம் தலையில் ஏற்றுக்கொண்டார். அதைப் பார்த்தபோது எனக்குத் தோல்வியை விடவும் அதிகம் வலித்தது. பன்னிரண்டு நாட்களுக்கு முன்னர், ஜோர்ஜ் ஸ்பிரிங்கரின் மூன்று ஓட்ட ஹோம் ரன்னால் நாம் சியாட்டில் அணியை முந்திய இரவில், கடைசி இன்னிங்ஸில் ஹூலியோ ரொட்ரிகஸை ஆட்டமிழக்கச் செய்து நம்மை உலகத் தொடருக்கு அனுப்பிய கையும் இதே கைதான். அதே போல, ஏழாவது ஆட்டத்தின் பதினோராவது இன்னிங்ஸில் தன்னை விட்டுக்கொடுத்துப் பந்தைத் தட்டிவைத்து, விளாடிமிர் குவெரேரோவை மூன்றாம் தளத்துக்கு நகர்த்தியவரும் இதே கைனர்-ஃபலேஃபாதான்.

ஏழு ஆட்டங்களிலும் நாம் எடுத்த ஓட்டங்கள் 34. டொட்ஜர்ஸ் எடுத்தவை 26. அப்படியிருந்தும் அவர்கள் வென்றார்கள். வெள்ளிக்கிழமை ஆறு இன்னிங்ஸ் எறிந்த யமமோட்டோ மறுநாளும் வந்து ஆட்டத்தை முடித்துவைத்ததை எதிரணி இரசிகனாகவும் வணங்காமல் இருக்க முடியாது. இத்தகைய ஒரு தொடரை ஒரே ஓட்டக்காரரின் ஒரே அடியாகவும், ஒரே பந்துவீச்சாளரின் ஒரே பந்தாகவும் சுருக்குவது ஆட்டத்தைப் புரிந்துகொள்ளாதவர்கள் செய்யும் வேலை என்றே நான் கருதுகிறேன்.

இந்தச் சுருக்கல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குப் பொஸ்டன் நகரம் சாட்சி. 1986 உலகத் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் அந்நகர அணியின் பில் பக்னரின் கால்களுக்கிடையே ஒரு பந்து போயிற்று. அவரிடம் பந்து வருவதற்கு முன்னரே பொஸ்டன் தன் முன்னிலையை இழந்திருந்தது. ஏழாவது ஆட்டமும் மிச்சமிருந்தது. ஆயினும் அந்த நகரம் தன் துயரம் முழுவதற்கும் அவருடைய பெயரையே சூட்டியது. வசை தாங்காமல் அவர் குடும்பத்துடன் தொலைவில் உள்ள ஐடஹோவுக்குக் குடிபெயர்ந்தார். 2008-ஆம் ஆண்டு பருவத் தொடக்கத்தில் அவரை அழைத்து முதற்பந்தை எறியவைத்தபோது அரங்கம் எழுந்து நின்று கைதட்ட, அவர் கண்களைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கைதட்டலுக்கு இருபத்திரண்டு ஆண்டுகள் ஆயின. நம் நகரம் அவ்வளவு காலம் எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். 2026 வசந்தத்தில் உள்ளூரில் நடக்கும் முதலாவது ஆட்டத்தில், அமெரிக்க லீக் வாகையருக்கான பதாகையை ஏற்றும்போது, பெருந்திரையில் ஸ்பிரிங்கரின் ஹோம் ரன்னையும், ஏழாவது ஆட்டத்தின் மூன்றாவது இன்னிங்ஸில் பிஷெட் எதிரணியின் ஒட்டானி எறிந்த பந்தில் ஹோம் ரன் அடித்ததையும், ஐந்தாவது ஆட்டத்தில் நம் இளம் பந்துவீச்சாளர் யெசாவேஜ் பன்னிரண்டு முறை ஸ்ட்ரைக் அவுட் செய்ததையும் நீங்கள் நிச்சயமாகக் காட்டுவீர்கள். அவற்றோடு நிறுத்திவிடாமல், வீரர்களைப் பெயர்சொல்லி அழைக்கும் நேரத்தில் ஹொஃப்மனின் பெயரை அவசரமாகச் சொல்லிக் கடந்துபோகாமல், சற்று இடைவெளி விட்டுச் சொல்லுங்கள். எழுந்து நிற்பதற்கு எங்களுக்கு அந்த இடைவெளி வேண்டும். கைனர்-ஃபலேஃபாவின் ஒப்பந்தம் 2025 பருவத்தோடு முடிந்துவிட்டது. அடுத்த பருவத்தில் அவர் எங்கே ஆடுவார் என்பது உங்கள் கையிலும் என் கையிலும் மட்டும் இல்லை. வேறு அணியின் உடையில் ரொறன்ரோவுக்கு வந்தாலும், அவர் முதன்முதலாக மட்டை பிடிக்க வரும்போது ஒரு நிமிடம் ஆட்டத்தை நிறுத்தி அவர் பெயரைத் திரையில் இடுங்கள். 2024-இல் 88 ஆட்டங்களில் தோற்றுத் தன் பிரிவில் கடைசி இடத்தில் கிடந்த அணியை மறு ஆண்டே ஏழாவது ஆட்டம் வரை கொண்டுவந்த கூட்டத்தில் அவர்களும் இருந்தார்கள் என்று நாங்கள் சொல்வதற்கு ஒரு வாய்ப்புத் தாருங்கள்.

மேல்தட்டில் மூன்று இருக்கைகள் எடுப்பதற்கு நான் பணம் சேர்க்கத் தொடங்கிவிட்டேன். வானொலியில் மட்டுமே ஒரு கிண்ணத்தைக் கேட்ட என் தந்தையாருக்கு முழங்கால் வலி உண்டு. எழுந்து நிற்க வேண்டிய நேரம் வந்தால் தோளைப் பிடித்துத் தூக்கிவிடுவதாகப் பேரன் அவரிடம் சொல்லியிருக்கிறான்.

இப்படிக்கு,
ஸ்காபரோவிலிருந்து ஓர் இரசிகன்