வடசென்னைக் கோழிக்குஞ்சு வியாபாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வியாபாரிகளுக்கு,

வணக்கம். வியாசர்பாடி, மூலக்கடை, மணலி, திருவொற்றியூர் எனச் சாலையோரக் கூடைகளிலும் கடைவாசல் கம்பிக்கூண்டுகளிலும் கோழிக்குஞ்சு விற்றுவரும் உங்களுக்கு, கொடுங்கையூரில் மொட்டைமாடியில் பல ஆண்டுகளாகக் கோழி வளர்த்துவரும் நான் ஒரு கோரிக்கையோடு எழுதுகிறேன். நீங்கள் விற்கும் குஞ்சு எந்த வகையைச் சேர்ந்தது, அதன் வயது என்ன, எந்தத் தடுப்பூசி போடப்பட்டிருக்கிறது, அது முட்டைக்கு உகந்ததா கறிக்கு உகந்ததா என்பதைப் பணம் கைமாறுவதற்கு முன்பே சொல்லுங்கள். முடிந்தால் கூண்டின் மேல் ஓர் அட்டையில் எழுதி மாட்டுங்கள்.

முதன்முறையாகக் கோழி வாங்க வருகிறவர் விலையைக் கேட்பார், நிறத்தைப் பார்ப்பார். முட்டைக்கா கறிக்கா என்று அவரே முடிவு செய்திருக்க மாட்டார். ஆனால் அதைப் பொறுத்துத்தான் மற்ற எல்லாமும் அமைகிறது. பிராய்லர் குஞ்சு ஏறக்குறைய 6 வாரங்களில் 2 கிலோ எடைக்கு வந்துவிடும்படி தேர்ந்தெடுத்து உருவாக்கப்பட்டது. அதை முட்டைக்காக மாதக்கணக்கில் வைத்திருந்தால் உடல் கனத்துக் கால் தாங்காமல் உட்கார்ந்துவிடும். சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் வாயைப் பிளந்து மூச்சிரைத்தே செத்தும்போகும். ஆசையாய்ப் பெயர் வைத்து வளர்த்த பிள்ளைகளுக்கு அதன் பிறகு என்ன சொல்வது என்று அக்கம்பக்கத்தார் என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

சாயம் பூசிய குஞ்சுகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ரோஸ், பச்சை, ஊதா என்று அட்டைப்பெட்டியில் குவிந்து கிடப்பவற்றில் பெரும்பாலானவை, முட்டையினப் பொரிப்பகங்களில் பெட்டைகளைப் பிரித்தெடுத்த பின் வேண்டாமென்று ஒதுக்கப்படும் சேவல் குஞ்சுகள். அவை முட்டையிடப் போவதில்லை. மெலிந்த உடல்வாகு உள்ளவை என்பதால் போட்ட தீவனத்திற்கு ஏற்ற கறியும் தரமாட்டா. பிறந்து ஓரிரு நாளே ஆன அவற்றிற்கு முதல் வாரத்தில் சுமார் 35 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். சாலையோரக் காற்றில் ஈரச் சாயத்தோடு நிற்பவை எத்தனை நாள் பிழைக்கும் என்பது உங்களுக்கே தெரியும். இந்த ஒரு வியாபாரத்தை மட்டும் கைவிடுங்கள் என்றே கேட்கிறேன்.

முட்டைக்கென்றே வளர்க்கப்படும் வெள்ளை லெகார்ன் வழிவந்த கோழி, பண்ணைப் பராமரிப்பில் ஆண்டுக்கு 300 முட்டை வரை இடும். அது நாளொன்றுக்கு 110 கிராம் அளவுக்கு முட்டைக்கோழித் தீவனம் கேட்கும். சுண்ணாம்புச் சத்து குறைந்தால் ஓடு கெட்டிப்படாத தோல்முட்டை போடும். நம் பகுதியில் எளிதாகக் கிடைக்கும் கிளிஞ்சலை உடைத்து ஒரு தட்டில் தனியாக வைத்தாலே பெரும்பாலும் போதும். மிரண்டால் அது கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் பறந்துவிடும் என்பதையும், அடைக்கு உட்காராது என்பதையும் வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள்.

'இட்டுக்கொண்டிருக்கும் கோழி' என்று சொல்லிக் குறைந்த விலைக்குத் தரப்படுபவற்றில், பண்ணைக் கூண்டில் ஒன்றரை ஆண்டு வயதுவரை முட்டையிட்டு ஓய்ந்து கழிக்கப்பட்டவையும் கலந்திருக்கின்றன. அலகின் நுனி வெட்டப்பட்டிருக்கும், மஞ்சளாக இருக்க வேண்டிய கால் வெளிறியிருக்கும், கழுத்து இறகு கூண்டுக் கம்பியில் உரசித் தேய்ந்திருக்கும். கழிவுக்கோழி என்று சொல்லி விற்றால் அதையும் வாங்க ஆளிருக்கிறது.

முட்டையும் வேண்டும், கறியும் வேண்டும் என்பதுதான் நம் பக்கத்துக் குடும்பங்கள் பெரும்பாலானவற்றின் விருப்பம். அவர்களுக்கு ரோட் ஐலண்ட் ரெட், பெங்களூருவில் உருவான கிரிராஜா, ஐதராபாத் கோழி ஆராய்ச்சி இயக்ககம் தந்த வனராஜா, கிராமப்பிரியா ஆகியவை பொருந்தும். இவற்றுள் கிராமப்பிரியா முட்டைப் பக்கம் சாய்ந்தது. வனராஜா உடம்புப் பக்கம் சாய்ந்தது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் (சுருக்கமாகத் தனுவாஸ்) உருவாக்கிய நந்தனம் கோழி வகைகளும், சண்டைக்கோழி இனமான அசிலிலிருந்து வந்த தனுவாஸ் அசிலும் இருக்கின்றன. அந்தப் பல்கலைக்கழகமோ நமக்கு எட்டும் தூரத்தில், மாதவரம் பால்பண்ணையில்தான் அமைந்திருக்கிறது. முதல் தடவை வளர்க்கிறவருக்கு நான் சொல்வது நான்கு கிராமப்பிரியா பெட்டைகளைத்தான். முட்டைக்குச் சேவல் தேவையில்லை என்பதையும் சேர்த்தே சொல்வேன், ஏனெனில் விடியற்காலை 4 மணிக்குக் கூவும் சேவலால் அடுத்த வீட்டு உறவு கெடுவதை நான் பார்த்திருக்கிறேன். கிரிராஜா, வனராஜா போன்றவை கலப்பினங்கள் ஆதலால், அவற்றின் முட்டையைப் பொரித்தெடுக்கும் அடுத்த தலைமுறை தாய்க்கோழியைப் போல இருக்காது என்பதை மட்டும் மறைக்காதீர்கள்.

குஞ்சு பொரித்துப் பெருக்க விரும்புகிறவருக்குச் சிறிய உடம்புள்ள நாட்டுக்கோழியான சிறுவிடைதான் சரி. அது ஓர் ஈட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டுவிட்டு அடைக்கு உட்காரும். 21 நாள் பெரும்பாலும் எழாமல் அடைகாத்து, பொரித்த குஞ்சுகளைக் காக்கையிடமிருந்தும் பூனையிடமிருந்தும் தானே காப்பாற்றும். முட்டைக் கணக்கில் அது லெகார்னை நெருங்கவே முடியாது. பெரிய உடம்புள்ள நாட்டுக்கோழியான பெருவிடையும் அசிலும் கறிக்குச் சுவையானவை, ஆனால் மெதுவாக வளர்பவை. அசில் சேவல்கள் இரண்டை ஒரே கூண்டில் விட்டால் ஒன்று மற்றதை மண்டையில் கொத்தியே வீழ்த்திவிடும். 2018இல் புவிசார் குறியீடு பெற்ற மத்தியப்பிரதேசத்துக் கடக்நாத் கோழியின் கறி கறுப்பு, முட்டை கறுப்பன்று. கறுப்பு முட்டை என்று ஆசைகாட்டி விலை ஏற்ற வேண்டாம்.

இந்த வகைகளுக்குள் எந்தக் கலப்பு என்று தெரியாத குஞ்சை 'நாட்டு' என்று விற்பதைவிடக் 'கலப்பு' என்றே எழுதிவிடுங்கள்; நாங்கள் அப்போதும் வாங்குவோம்.

தடுப்பூசி வீட்டுக்காரர் பொறுப்பு என்று நீங்கள் சொல்லக்கூடும். கோழிகளைக் கொல்லும் தொற்றுநோயான வெள்ளைக்கழிச்சலுக்குரிய லசோட்டா தடுப்பு மருந்து, நூற்றுக்கணக்கான கோழிகளுக்கு ஆகும் குப்பிகளாகத்தான் வருகிறது. கலக்கிய சில மணி நேரத்திற்குள் தீர்த்தாக வேண்டும், குளிர்ச்சியும் விடக்கூடாது. நான்கு கோழி வைத்திருப்பவர் அதை எப்படி வாங்குவார்? ஒரே நேரத்தில் நூறு குஞ்சு இறக்கும் உங்களால், முதல் வாரத்தில் கண்ணில் ஒரு சொட்டு விட்டு, நான்காவது வாரத்தில் மீண்டும் கொடுத்து, அதன்பின் விற்க முடியும். சூடு காட்டும் பருவத்தைத் தாண்டிய அந்தக் குஞ்சுக்கு நீங்கள் கூடுதல் விலை வைத்தால் அது நியாயமே. எட்டாவது வாரத்து ஊசிக்குக் கால்நடை மருந்தகத்திற்கு எடுத்துச் செல்லுங்கள் என்று தேதியோடு ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தால், மீதியை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
கொடுங்கையூரில் கோழி வளர்க்கும் ஒருத்தி