மண் விவரம் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

நிலநடுக்கம் என்றைக்கு வரும் என்று எந்தக் கணினியாலும் சொல்ல முடியாது. ஆனால், வந்தால் எந்த ஊர் எவ்வளவு குலுங்கும் என்று கணக்குப் போட முடியும். கலிபோர்னியாவின் சான் ஆண்ட்ரியாஸ் பிளவில் 8 அளவு நிலநடுக்கம் வந்தால் என்ன ஆகும் என்று 2010-ல் ஜாகுவார் என்ற சூப்பர் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தார்கள். நிலத்தை 40 மீட்டர் கட்டங்களாகப் பிரித்தார்கள். 6 நிமிட அதிர்வைக் கணக்கிட அந்த ராட்சத இயந்திரத்துக்கே 24 மணி நேரம் ஆனது.

அந்தக் கணக்குக்கு முதலில் கொடுக்க வேண்டியது மண்ணின் விவரம். 2001 பூஜ் நிலநடுக்கத்தில் 200 கிலோமீட்டருக்கும் அப்பால், அகமதாபாத்தில் மாடிக் கட்டடங்கள் சரிந்தன. அடியில் இருந்த இளகிய மண் குலுக்கலைப் பெருக்கியது அதற்கு ஒரு காரணம்.

நான் ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில் வீடு கட்டும் மேஸ்திரி. இங்கே வாணம் தோண்டினால் இடுப்பளவு மணல், அப்புறம் தண்ணீர் ஊறிவிடும். பலகை கொடுக்காவிட்டால் கரை சரியும். நாலு தெரு தள்ளினால் கடப்பாரை பவளப்பாறையில் ‘ணங்’ என்று மோதும். நிலநடுக்க ஆபத்து வரைபடத்தில் இரண்டும் ஒரே நிறம்!

நம் பகுதியில் ஆபத்து குறைவு என்பது சரி. ஆனால் நீர் ஊறிய மணல் பலமாகக் குலுங்கினால் குழம்பாகிவிடும். அதன்மேல்தான் இப்போது கீழே வண்டி நிறுத்த இடம் விட்டு, வெறும் தூண்களில் விடுதிகள் எழும்புகின்றன.

பாலங்களுக்கும் அரசுக் கட்டடங்களுக்கும் துளையிட்டு எடுத்த மண் பரிசோதனை விவரங்களை மாவட்ட நிர்வாகம் ஒன்றுதிரட்டி ஆய்வாளர்களிடம் கொடுக்க வேண்டும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பரம் பிரவேகா என்ற சூப்பர் கம்ப்யூட்டர் இருக்கிறது. மண்டபம் முதல் தனுஷ்கோடி வரை தெருவாரியாகக் கணக்கிட்டுச் சொன்னால், எந்த மனையில் எத்தனை மாடி என்று நாங்கள் தைரியமாகச் சொல்வோம்.

— கட்டட மேஸ்திரி, தங்கச்சிமடம்