பூங்காவைப் பதினொரு மணிக்கும் திறந்து வையுங்கள்

மதிப்புக்குரிய நகராட்சி ஆணையர் அவர்களுக்கு,

எங்கள் தெருவுக்குப் பின்னால் உள்ள பூங்கா காலை 5 மணிக்குத் திறந்து 8 மணிக்கு மூடுகிறது. மறுபடி மாலை 4 முதல் 7 வரை. அந்த நேரங்களில் எங்களைப் போன்ற பெண்கள் எங்கே இருப்போம் என்று உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

எனக்கு 47 வயது. போன மாதம் வீட்டுக்கு வந்த சுகாதாரத் தன்னார்வலர் கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்தார்: 138/88. அப்புறம் லேபில் வெறும் வயிற்றுச் சர்க்கரை 112. இடுப்பு 94 சென்டிமீட்டர். நம் ஊர்ப் பெண்களுக்கு 80 வந்தாலே அதிகம் என்று கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். இந்த மூன்று, ரத்தத்தில் உள்ள ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு, நல்ல கொழுப்பு ஆகிய ஐந்தில் ஏதாவது மூன்று சரியில்லை என்றால் மெட்டபாலிக் சிண்ட்ரோமாம். "தினமும் வேகமா நடங்கம்மா" என்றார் டாக்டர். சரி, எங்கே நடப்பது, எப்போது?

எடை குறையத்தான் நடக்கச் சொல்கிறார்கள் என்று நானும் நினைத்திருந்தேன். விஷயம் ரத்தக் குழாயில் இருக்கிறது. குழாயின் உட்படலம் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைச் சுரந்தால்தான் குழாய் இளகி விரியும். (இதைக் கண்டுபிடித்த மூவருக்கு 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது.) சர்க்கரையும் கொழுப்பும் பிரஷரும் சேர்ந்து அந்தச் சுரப்பைக் கெடுக்கின்றன. மாதவிடாய் நிற்கும் வயதில் ஈஸ்ட்ரோஜன் வேறு குறைந்து, இருந்த துணையும் போய்விடுகிறது. குழாய் எப்படி இருக்கிறது என்று சோதிக்கவும் அதே போன்ற பட்டைதான். முன்கையில் இறுக்கி 5 நிமிடம் ரத்தத்தை நிறுத்திவிட்டுச் சட்டென்று தளர்த்துவார்கள். ரத்தம் பாய்ந்து உட்படலத்தை உரசிக்கொண்டு போகும்போது குழாய் எவ்வளவு விரிகிறது என்று ஸ்கேனில் பார்ப்பார்கள். மூச்சு வாங்க நடக்கும்போதும் நிகழ்வது இந்த உரசல்தான். அது நாள்தோறும் கிடைத்தால் படலம் மறுபடி சுரக்கப் பழகுகிறது.

நார்வேயின் ட்ரான்ஹெய்மில் இந்தக் கோளாறு உள்ள ஆண்களும் பெண்களுமாக 32 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தி, 2008-இல் முடிவை வெளியிட்டார்கள். வாரம் 3 நாள், 16 வாரம். ஒரு குழு சீரான வேகத்தில். இன்னொரு குழு 4 நிமிடம் மூச்சிரைக்க, 3 நிமிடம் மெதுவாக என்று மாற்றி மாற்றி. எடைக் குறைவில் இரு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ரத்தக் குழாய் விரிவது முதல் குழுவை விட இரண்டாவது குழுவுக்குத் தெளிவாகவே அதிகம் கூடியிருந்தது. எடை மெஷினைப் பார்த்து நடையை விட்டுவிடுகிற என் தோழிகளுக்கு இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டு வேலையே உடற்பயிற்சிதானே என்பீர்கள். குனிந்து நிமிர்கிறோம், நாள் முழுக்க நிற்கிறோம், உண்மைதான். ஆனால் பத்து நிமிடம் விடாமல் மூச்சு வாங்க விட குக்கர் விசிலும் காலிங் பெல்லும் சம்மதிப்பதில்லை. தெருவில் நடக்கலாம்தான், நாய்களும் பைக்குகளும் வழி விட வேண்டுமே.

நான் கேட்பது, பூங்காவைக் காலை 10 முதல் 12 வரை திறக்க வேண்டும், இரவு 9 வரை நீட்டிக்க வேண்டும். வெயில் ஒரு பிரச்சினை இல்லை, நடைபாதை நெடுகப் புங்கை நிழல் இருக்கிறது. இரவுக்குத்தான் தென்கோடியில் எரியாத இரண்டு விளக்குகளைச் சரிசெய்ய வேண்டும். காவலாளி அண்ணனிடம் ஏற்கெனவே பேசிவிட்டேன். "ஆபீஸ்ல ஒரு ஆர்டர் போட்டாப் போதும்மா, சாவி என் இடுப்புலதானே இருக்கு" என்றார்.

இப்படிக்கு,
பூங்காவுக்குப் பின்தெருவில் குடியிருக்கும் ஒரு பெண்