பாலஸ்தீன மக்களுக்கு ஆதரவான நம் குழுவின் இரண்டாம் ஆண்டறிக்கை (திருப்பூர், 2024–25)

தலைவர் அண்ணன் அவர்களுக்கும், பொருளாளர் அக்காவுக்கும், ஷிஃப்ட் முடிந்த கையோடு வந்திருக்கிற தோழர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நம் கணக்கு ஏப்ரலில் தொடங்குவதில்லை, நவம்பர் 29-இல் தொடங்குகிறது. 1947-இல் இதே தேதியில்தான் பாலஸ்தீனத்தைப் பிரிக்கும் தீர்மானத்தை ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றியது. எதிர்த்து வாக்களித்த 13 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. முப்பது ஆண்டு கழித்து, 1977-இல், அதே சபை அதே தேதியைப் பாலஸ்தீன மக்களுடனான ஒருமைப்பாட்டு நாளாக அறிவித்தது. அதனால்தான் முகூர்த்த சீசனில் மண்டபம் கிடைக்காமல் அல்லாடினாலும் இந்தத் தேதியை நாம் மாற்றுவதில்லை.

இந்த ஆண்டு சந்தா கட்டியவர்கள் 61 பேர். மாதக் கூட்டத்துக்கு வந்தவர்கள் அதில் பாதிகூட இல்லை. 2025 ஜனவரி 19 அன்று காஸாவில் போர்நிறுத்தம் வந்ததும் அடுத்த கூட்டத்துக்கு வந்தது ஏழு பேர், தலைவரும் நானும் உட்பட. "அதுதான் நின்னு போச்சே, இனி எதுக்குங்க குழு?" என்று ஒரு தோழர் கேட்டார். அப்போது எனக்கும் சரியான பதில் தெரியவில்லை. மார்ச் 2 முதல் காஸாவுக்குள் உணவு, மருந்து, எரிபொருள் எதுவும் போகவிடாமல் இஸ்ரேல் அடைத்தது. மார்ச் 18 விடிகாலையில் மறுபடி குண்டு விழத் தொடங்கியது. அந்த ஒரே நாளில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள். அடுத்த கூட்டத்தில் உட்கார நாற்காலி போதவில்லை. இப்படிச் செய்தி வந்தால் கூடுவதும் செய்தி ஓய்ந்தால் கலைவதுமாக இருப்பதுதான் நம் பெரிய பலவீனம் என்று செயலாளர் என்ற முறையில் பதிவு செய்கிறேன்.

மார்ச் 30 நில தினத்தை நகரத்துக்குள் நடத்தாமல் அவிநாசிப் பக்கம் ஒரு கிராமத்தில் நடத்தினோம். 1976-இல் இஸ்ரேலின் வடக்கே உள்ள கலிலேயாவில் நிலம் பறிக்கப்படுவதை எதிர்த்து அங்கிருந்த பாலஸ்தீனர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆறு பேர் கொல்லப்பட்டார்கள். அந்த நாள்தான் இது. வேப்பமரத்தடியில் பாய் விரித்து நாற்பது பேர் இருந்தார்கள். நான் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு போயிருந்தேன், அரைப் பக்கம்தான் படித்தேன். எழுபது வயது விவசாயி ஒருவர் எழுந்து, கெயில் குழாய் பதிக்க வந்தபோதும், அப்புறம் உயர்மின் கோபுரம் நட வந்தபோதும் தன் விவசாயக் காட்டில் என்ன நடந்தது என்று சொல்ல ஆரம்பித்தார். முடித்துவிட்டு, "நமக்கு வந்தது காட்டோட ஓரம். அவுங்களுக்குப் போனது ஊரே. ரெண்டும் ஒண்ணில்லீங்க. ஆனா நோட்டீஸ் கையில குடுக்கறப்ப வயிறு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்" என்றார். அதற்கு மேல் நான் என்ன பேச? ஒலிவ மரத்தைப் பற்றி நிறையக் கேட்டார்கள். எத்தனை வருஷம் நிற்கும், எப்போது காய்ப்பு, வெட்டினால் தழையுமா என்று. அறுவடை அக்டோபர், நவம்பரில் என்றும், மேற்குக் கரையில் அந்தச் சமயத்தில்தான் குடியேற்றக்காரர்கள் தோப்புக்குள் புகுந்து அடிப்பதும் மரத்தை வெட்டுவதும் அதிகம் என்றும் சொன்னோம். "காய்ப்பு நேரத்துல வர்றவன் திருடன்தான்" என்று ஒரு பாட்டி முடித்து வைத்தார்.

மே 15 நக்பா, அதாவது பேரழிவு நாள். 1948-இல் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டைப் பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு வெளியேறிய நாட்களின் நினைவு. ரயில் நிலையம் அருகே குமரன் நினைவிடத்தின் பக்கம் அரைமணி நேரம் பழைய சாவிகளைக் கையில் பிடித்து நிற்பது என்று முடிவு செய்து, முறைப்படி முன்கூட்டியே மனு கொடுத்தோம். முந்தைய இரவு பத்து மணிக்கு அனுமதி இல்லை என்று தகவல் வந்தது. போவதா வேண்டாமா என்று வாட்ஸ்அப்பில் நள்ளிரவு வரை சண்டை. கடைசியில் 23 பேர் போனோம். ஆறு நிமிடம் நின்றிருப்போம், போலீசார் வேனில் ஏற்றி ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். மத்தியானம் தக்காளிச் சாதம். மாலை ஆறு மணிக்குப் பெயர், முகவரி எழுதிக்கொண்டு விட்டார்கள். உள்ளதைச் சொல்கிறேன்: இந்த ஆண்டின் உருப்படியான வகுப்பு அந்த மண்டபத்தில்தான் நடந்தது. ஏழு மணி நேரம், போன் சார்ஜ் இல்லை, ஓடவும் வழியில்லை. 1974-இல் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தை முதலில் அங்கீகரித்த அரபு அல்லாத நாடு இந்தியா என்பதும், 1988-இல் பாலஸ்தீன அரசையும் அங்கீகரித்தது என்பதும் நம்மிலேயே பாதிப் பேருக்கு அன்றுதான் தெரிந்தது. அந்தப் பழைய சாவிகளில் இரண்டு யாருடையது என்று இன்னும் தெரியவில்லை. என்னிடம் இருக்கின்றன.

பனியன் விஷயத்துக்கு வருகிறேன். பிரிண்டிங் பட்டறை வைத்திருக்கும் நம் தோழர், ஏற்றுமதியில் கழித்த செகண்ட்ஸ் டி-ஷர்ட்டில் தர்பூசணிப் பத்தை அடித்துக் கொடுத்தார். 1967-க்குப் பிறகு இஸ்ரேல் ஆக்கிரமித்த பகுதிகளில் பாலஸ்தீனக் கொடியைக் காட்டத் தடை இருந்தது. சிவப்பு, பச்சை, கறுப்பு, வெள்ளை என்று கொடியின் நிறமெல்லாம் ஒரே பழத்தில் இருப்பதால் தர்பூசணி கொடிக்குப் பதிலாக நின்றது. கொடியை அச்சடித்திருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்; பழம் என்பதால் காதர்பேட்டையில் ஆளாளுக்கு என்னவென்று கேட்டார்கள், நாமும் சொன்னோம். முதல் லாட்டில் பச்சை கொஞ்சம் நீலம் தட்டிவிட்டது, பெரிய சைஸ் போதவில்லை. அடுத்த முறை சாம்பிள் பார்த்துத்தான் அடிக்க வேண்டும்.

டீக்கடையில் நம்மிடம் அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று: "ஏனுங்க, எங்கியோ நடக்கறதுக்கு திருப்பூர்ல எதுக்குங்க கத்தோணும்?" முதல் ஆண்டு இதற்கு நாம் சொன்ன பதில், மனிதாபிமானம். கேட்டவர் தலையாட்டிவிட்டு டீயைக் குடிப்பார். இந்த ஆண்டு பதிலை மாற்றினோம், வேலையைப் பற்றிப் பேசினோம். கண்ணூரில் ஒரு தையல் நிறுவனம் இஸ்ரேல் போலீசுக்குச் சீருடை தைத்துக்கொண்டிருந்தது. 2023 அக்டோபரில், குண்டுவீச்சு நிற்கும் வரை புது ஆர்டர் எடுக்க மாட்டோம் என்று அறிவித்தது. நம் ஊரில் பவர் டேபிளில் உட்காருகிற யாருக்கும் ஆர்டரை வேண்டாம் என்பது எவ்வளவு பெரிய காரியம் என்று விளக்க வேண்டியதில்லை. 2024 பிப்ரவரியில், இஸ்ரேலுக்கு ஆயுதச் சரக்கு ஏற்ற மாட்டோம் என்று துறைமுகத் தொழிலாளர் சம்மேளனம் சொன்னது. 11 பெரிய துறைமுகங்களில் 3,500 உறுப்பினர்கள் உள்ள அமைப்பு அது. அதே ஆண்டு மே மாதம், சென்னையிலிருந்து 27 டன் வெடிபொருளோடு இஸ்ரேலின் ஹைஃபா துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்த கப்பலை ஸ்பெயின் தன் துறைமுகத்துக்குள் விடவில்லை. சென்னையிலிருந்து போனது என்றதும், டீக்கடைக்காரர் வடிகட்டியைக் கீழே வைத்துவிட்டு "நம்ம சென்னையா?" என்றார்.

இதில் எனக்கு விடை தெரியாத ஒன்றும் உண்டு. இந்தி நோட்டீஸ் கொடுக்க வடக்கத்தித் தொழிலாளர்கள் தங்கியிருக்கும் காம்பவுண்டுக்குப் போனபோது, உத்தரப் பிரதேசத்துத் தம்பி ஒருவர் நோட்டீஸை முழுதாகப் படித்துவிட்டு, தன் சித்தப்பா மகன் இப்போது இஸ்ரேலில் கட்டட வேலை பார்ப்பதாகச் சொன்னார். போர் தொடங்கியதும் பாலஸ்தீனத் தொழிலாளர்களின் வேலை அனுமதியை இஸ்ரேல் ரத்து செய்தது. அந்த இடத்தை நிரப்ப, இரு அரசுகளும் செய்துகொண்ட ஏற்பாட்டில் இங்கிருந்து ஆள் எடுத்தார்கள்: சென்டரிங், கம்பி கட்டு, டைல்ஸ், பூச்சு. மாதம் ஏறத்தாழ 1.37 லட்சம் ரூபாய் என்று விளம்பரம். லக்னோவிலும் ரோத்தக்கிலும் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். "இங்கே பன்னிரண்டு மணி நேரம் நின்றால் எனக்கு என்ன கிடைக்கும் என்று உங்களுக்குத் தெரியுமே, அண்ணா" என்றார் தம்பி. அவன் போனது தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. அவன் நிற்கிற சாரத்தில் நேற்றுவரை நின்றவன் இன்று மேற்குக் கரையில் ஜெனினிலோ ஹெப்ரோனிலோ வேலையில்லாமல் உட்கார்ந்திருப்பான் என்பதை மட்டும் சொன்னேன். தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் இன்னும் பத்து நோட்டீஸ் கேட்டு வாங்கிக்கொண்டார். இப்போது அவர் நம் உறுப்பினர், பின் வரிசையில் இருக்கிறார்.

நாம் செய்த தவறுகள். ஜூலையில் புறக்கணிப்புப் பட்டியல் என்று ஒரு நோட்டீஸ் அடித்தோம். வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே நம்பி அடித்தது. சம்பந்தமே இல்லாத ஒரு நிறுவனத்தின் பெயரும் அதில் சேர்ந்துவிட்டது. அந்தப் பொருளை விற்கும் மளிகைக் கடைக்காரர், நம் உறுப்பினரின் மாமாவே, வந்து கேட்டபோது முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றோம். மீதி நோட்டீஸை எரித்துவிட்டு மன்னிப்புக் கேட்டோம். 2005 ஜூலையில் பாலஸ்தீனத்தின் 170-க்கும் மேற்பட்ட அமைப்புகள் சேர்ந்து விடுத்த அழைப்பிலிருந்து தொடங்கிய புறக்கணிப்பு இயக்கமே, நீளப் பட்டியல் வேண்டாம், நிரூபணம் உள்ள சில இலக்குகள் போதும் என்றுதான் சொல்கிறது. இனி சரிபார்க்காமல் ஒரு பெயரும் அச்சேறாது. கடைக்காரரை மிரட்டுவதும் கிடையாது. நம் வீட்டு விசேஷங்களில் கோலாவுக்குப் பதில் நன்னாரி சர்பத் என்பது மட்டும் நன்றாகவே நடக்கிறது. மூன்று கல்யாணங்களில் பந்திக்கு வந்தவர்கள் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக் குடித்தார்கள்.

இரண்டாவது தவறு என்னுடையது. நம் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஹிட்லரைப் புகழ்ந்து ஒரு படம் போட்டார். நான் பார்த்தேன், ஷிஃப்டில் இருந்தேன், மறுநாள்தான் நீக்கினேன். அதற்குள் பதினொரு பேர் அதற்குக் கைதட்டிவிட்டார்கள். யூதர்களை வெறுப்பதற்காக இந்தக் குழு இல்லை. 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் தலைமையிலான தாக்குதலில் இஸ்ரேலில் சுமார் 1,200 பேர் கொல்லப்பட்டதையும், 251 பேர் பிணையாகப் பிடித்துச் செல்லப்பட்டதையும் நம் முதல் துண்டறிக்கையிலேயே கண்டித்து எழுதியிருக்கிறோம். அதை எழுதலாமா கூடாதா என்று அன்று இரண்டு மணி நேரம் வாதாடினோம். எழுதியது சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன். இது ஒரு மதத்தாருக்கான கூட்டம் என்று சொல்பவர்களுக்கும் பதில் வைத்திருக்கிறோம். பெத்லகேமில் 2023 கிறிஸ்துமஸுக்கு இடிபாட்டுக் கற்களுக்கு நடுவே குழந்தை இயேசுவை வைத்தார்கள். போன டிசம்பரில் நம் தேவாலய இளைஞர்களும் உடைந்த ஹாலோபிளாக் கற்களில் அதே மாதிரி குடில் கட்டினார்கள். பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் பள்ளிவாசல் தெருக்காரர்கள்.

ஆகஸ்ட் மாதம் இரண்டு அடி. 22-ஆம் தேதி காஸா நகரப் பகுதியில் பஞ்சம் என்று உணவுப் பாதுகாப்பு வல்லுநர் குழு அதிகாரபூர்வமாக அறிவித்தது. 27-ஆம் தேதி அமெரிக்காவின் 50 சதவீத வரி அமலுக்கு வந்தது. அமெரிக்க ஆர்டரை நம்பியிருந்த கம்பெனிகளில் வேலை நாள் குறைந்தது, ஓவர்டைம் நின்றது. நிதி கேட்டுப் போக வேண்டிய மாதத்தில் உறுப்பினர்களிடமே பத்து ரூபாய் கேட்கத் தயக்கமாக இருந்தது. மாதச் சந்தாவை 50-லிருந்து 20 ஆகக் குறைத்தோம். வேலை இழந்தவர்களிடம் வாங்கவில்லை. ஆனாலும் செக்கிங் பிரிவு அக்காமார் ஒரு நாள் கஞ்சி மட்டும் குடித்து அந்தக் காசைக் கொண்டு வந்து கொடுத்தார்கள். யாரும் சொல்லிக் கொடுத்துச் செய்ததில்லை.

பணம் பற்றி ஒரு விளக்கம். பதிவு செய்யாத குழு வெளிநாட்டுக்கு நிதி அனுப்பக் கிளம்பினால் சிக்கலில்தான் முடியும் என்று ஆடிட்டர் தோழர் முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டார். ஆகவே நாம் வாங்குவது நிகழ்ச்சிச் செலவுக்கு மட்டுமே. உதவ விரும்புகிறவர்கள் ஐ.நா.வின் பாலஸ்தீன அகதிகள் நிவாரண அமைப்புக்கு நேரடியாக, சொந்தக் கணக்கிலிருந்து செலுத்தலாம். 1949-இல் உருவான அந்த அமைப்புக்கு இந்திய அரசே ஆண்டுக்கு 50 லட்சம் டாலர் கொடுத்து வருகிறது. பயந்துகொண்டு செய்ய வேண்டிய காரியமில்லை. அக்காமார் கொடுத்த காசை அவர்கள் சம்மதத்தோடு, அவர்களில் ஒருவரின் மகள் பெயரில் அப்படித்தான் செலுத்தினோம். ரசீது பொருளாளரிடம் இருக்கிறது, பார்க்கலாம்.

செப்டம்பரில் சென்னையில் பெரியாரிய இயக்கங்கள் நடத்திய பேரணிக்கு ஒரு வேன் போனது. அக்டோபர் 8 அன்று மார்க்சிஸ்ட் கட்சி சென்னையில் நடத்திய ஆர்ப்பாட்டத்தில் முதலமைச்சரே கலந்துகொண்டார். அதற்கு நாம் போகவில்லை, வேனுக்குக் காசில்லை. அக்டோபர் 10 முதல் மறுபடி போர்நிறுத்தம். இந்த முறை "அதுதான் நின்னு போச்சே" என்று யாரும் கேட்கவில்லை. ஒப்பந்தத்துக்குப் பிறகும் சாவுச் செய்தி வந்துகொண்டிருப்பதை எல்லோரும் பார்க்கிறோம்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு முன்வைப்பவை: மாதக் கூட்டத்தை முதல் ஞாயிறு காலைக்கு மாற்றுவது. இந்தியோடு ஒடியாவிலும் நோட்டீஸ். நில தினத்தைப் பல்லடம் பக்கம் நடத்துவது. செயலாளர் பொறுப்புக்கு வேறு ஒருவர், முடிந்தால் ஒரு பெண் தோழர். இரண்டு ஆண்டு போதும் எனக்கு. பொருளாளர் அக்கா கணக்கு வாசித்த பிறகு இவற்றைக் கூட்டத்தின் முடிவுக்கு விடுகிறேன்.

மே மாதம் மண்டபத்திலிருந்து கிளம்பும்போது நம் பத்தடி பேனரை யாரோ மடித்து எடுத்துப் போனார்கள். யார் வீட்டில் இருக்கிறதோ அவர் தயவுசெய்து கொண்டு வந்து கொடுக்கவும். புதிதாக அடிக்கப் பணமில்லை.