மூன்று மாதத்தோடு நின்றுவிடக் கூடாது

ஐயா,

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மூன்று மாதம் தற்காப்புப் பயிற்சி தருகிறார்கள். எட்டாவது படிக்கும் என் மகள் தினமும் மாட்டுக்கொட்டகைப் பக்கம் நின்று, "விடு!" என்று அடிவயிற்றிலிருந்து கத்திப் பழகினாள். முதல் நாள் அவளுக்குக் குரலே எழும்பவில்லை. அவள் கற்ற குத்தைவிட அந்தக் குரல்தான் எனக்குப் பெரிது. "பொம்பளப் புள்ள சத்தம் போடாதே" என்று அடக்கி வளர்த்தவர்கள் நாம்தானே!

மூன்று மாதம் முடிந்தது, பயிற்சியும் நின்றது. சிறப்பு வகுப்பு முடித்து, டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி, வெண்ணாற்றங்கரையில் விளக்கில்லாத பாதையில் நடக்கும் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு வகுப்பாவது ஆண்டு முழுக்க வேண்டும். தொந்தரவு தருபவன் பெரும்பாலும் தெரிந்த ஆள்தான். மாமா, சித்தப்பா என்று வீட்டுக்குள் வந்து போகிறவனை எதிர்க்கக் கராத்தே மட்டும் போதாது. வெளியே சொல்லும் துணிச்சலும் வேண்டும். அதே வகுப்பில் பெற்றோரையும் உட்கார வைத்து, குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ஐச் சொல்லுங்கள். குற்றம் நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமல் மறைத்தால், பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி அதுவும் குற்றம் என்பதையும் சொல்லுங்கள். பையன்களையும் கூப்பிடுங்கள்.

– ஒரு தாய், நீடாமங்கலம்